வந்தோர் எண்ணிக்கை

எங்கள் ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை.
நவம்பர் கடைசியில்,
செந்தூல் சாலையில் கணுக்கால்வரை மழைநீர் நிற்கும்போது
பீடத்தில் ஊதாத் துணி விரித்து
முதல் மெழுகுவத்தியை ஏற்றுவார் எப்பிராயீம் ஐயர்.
கடைசி பெஞ்சில் உட்கார்ந்து
நான் தலைகளை எண்ணுவேன்.

பதிவேட்டில் நான்கு கட்டங்கள்:
தேதி, வந்தோர், காணிக்கை, குறிப்பு.
வார்டன் வேலையில் எனக்குப் பிடித்தது
அந்த நாலாவது கட்டம்தான்.

அறுபத்தொரு பேர்.
முந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி நாற்பது காசு.
குறிப்பு: கூரை ஒழுகுகிறது,
ஞானஸ்நானத் தொட்டிக்கு நேர் மேலே.
"வீண்போகவில்லையே" என்றார் ஐயர்.

கரோல் போன இரவு லிஃப்ட் வேலை செய்யவில்லை.
பன்னிரண்டாம் மாடிக்குள்
பாட்டு வெறும் மூச்சிரைப்பாகிவிட்டது.
கதவைத் திறந்தது யாரோ ஒரு சீன அம்மாள்.
வீடு மாறிவிட்டோம் என்று அவருக்கும் தெரிந்தது, எங்களுக்கும்.
இரண்டாம் சரணம்வரை நின்று கேட்டுவிட்டு
ஆறு பாக்கெட் சோயாப்பால் கொடுத்தார்.

கிறிஸ்துமஸ்: இருநூற்று நாற்பது.
அடுத்த ஞாயிறு: முப்பத்தெட்டு.
குறிப்பு: ஒன்றுமில்லை.

சாம்பல் புதனுக்காக
போன வருஷத்துக் குருத்தோலைகளை பிஸ்கட் டின்னில் எரித்தோம்.
பக்கத்து டயர் கடைக்காரர் புகையைப் பார்த்து
பொம்பா வண்டியைக் கூப்பிட்டுவிட்டார்.
தொப்பியைக் கழற்றி வாசலில் நின்றார்கள் ஏழு பேர்.
அவர்களையும் எண்ணலாமா என்று
ஒரு கணம் யோசித்தேன்.

உயிர்ப்பு ஞாயிறு, இன்னும் விடியவில்லை.
சுராவிலிருந்து பாங்கு முடியும்வரை
இருட்டில் காத்திருந்தார் ஐயர்.
பிறகு சொன்னார்: அவர் இங்கே இல்லை, எழுந்தார்.

அதன்பின் பச்சைத் துணி.
திரித்துவத்துக்குப் பின் மூன்றாம் ஞாயிறு, நான்காம் ஞாயிறு,
ஏழாம் ஞாயிறு.
எதுவும் நடக்காத, யாரும் படமெடுக்காத ஞாயிறுகள்.

ஜூலையில் சற்குணம் சாமுவேல் போய்விட்டார்.
முப்பத்தொரு வருஷம் ரயில்வே பட்டறை,
அதற்குமேல் ஒன்பது வருஷம் எங்கள் ஆர்கன்.
எண்ணும்போதெல்லாம் எனக்குத் தெரிந்தது அவர் முதுகுதான்;
இடது தோள் கொஞ்சம் தாழ்ந்த முதுகு.
அடக்க ஆராதனை: நூற்று அறுபத்து மூன்று.
அவரைச் சேர்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டு முறை எண்ணினேன்.
ஐம்பத்து மூன்று.
ஐம்பத்து நான்கு என்று எழுதினேன்.
ஆர்கன் இல்லாத பாட்டு
சரணத்துக்குச் சரணம் கீழே இறங்கி
கடைசியில் ஆண்கள் மட்டும் மிஞ்சினார்கள்.
அதற்கடுத்த வாரமும் ஒன்று கூட்டினேன்.

செப்டம்பரில் புகைமூட்டம்.
முகக்கவசத்தோடு அறுப்பின் பண்டிகை;
எங்களில் யார் எதை அறுத்தோம்?
மைலோ டின்கள், ஐந்து கிலோ அரிசி மூட்டைகள்,
கேமரன் மலை முட்டைக்கோஸ்.
பதினாலாம் மாடி பால்கனியில் காய்த்த ஒரே பாகற்காயை
தங்கநாயகம் கொண்டுவந்தார்.
ஏலத்தில் நூற்றைந்து வெள்ளிக்குப் போனது.
வாங்கியவரும் தங்கநாயகம்தான்.

பிற்பகல்களில் எங்கள் மண்டபத்தில் கூடுகிற
சின் மக்களிலிருந்து ஒரு பையனை
அக்டோபரில் கூட்டிவந்தார் ஐயர்.
வான் லியான், உணவகத்தில் தட்டு கழுவுகிறான்.
தமிழ் தெரியாது, மெட்டு தெரியும்.
எங்களுக்கு நாலு வரி முன்னாலேயே முடித்துவிட்டு
திரும்பிப் பார்க்கிறான்,
இன்னும் பாடிக்கொண்டிருக்கிறோமா என்று.

இப்போது பேராயத்துக்கு வருஷக் கணக்கு அனுப்ப வேண்டும்.
என்னிடம் பதினோரு ஆள் அதிகம்.
பதினோரு ஞாயிறு, வாரத்துக்கு ஒருவர்,
எல்லோரும் ஒரே ஆள்.
கழித்துவிடலாம், பேனா கையில்தான் இருக்கிறது.
பேராயத்தின் படிவத்தில்
குறிப்பு எழுதக் கட்டம் இல்லை.

வெளியே மறுபடி மழை.
கூரையை ஏப்ரலில் சரிசெய்தோம்;
ஒழுகல் நகர்ந்து ஆர்கன் பக்கம் வந்திருக்கிறது.
அங்கே ஒரு வாளி வைத்துவிட்டு
ஊதாத் துணியை
இஸ்திரி போட எடுத்துப் போகிறேன்.